கண்ணாடிக்குள் உலோகம்: ‘பண்டைய நனோத் தொழில்நுட்பம்’ என்னும் வாசிப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. லைகர்கஸ் கிண்ணம் என்பது அதன் பெயர். மதுவின் தெய்வமாகிய தியோனிசஸைப் பகைத்த திராசிய மன்னன் லைகர்கஸ், திராட்சைக் கொடியாக உருமாறிய அம்புரோசியா என்பவளாற் பின்னிப் பிணிக்கப்பட்டு மாயும் காட்சி அதன் புறத்தே செதுக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து விழும் ஒளியில் நோக்குமிடத்துக் கிண்ணம் பச்சையாகத் தோன்றும். உள்ளே விளக்கொன்றை வைத்து நோக்கின் அதே கண்ணாடி செந்நிறமாக ஒளிரும்.

இந்நிறமாற்றத்துக்குக் காரணம் கண்ணாடியினுள்ளே சிதறிக் கிடக்கும் மிக நுண்ணிய உலோகப் பளிங்குகள் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. 1990ஆம் ஆண்டில் பாபர், பிரீஸ்ரோன் ஆகிய இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொண்டு செய்த ஆய்வு, அப்பளிங்குகள் 50 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவின என்றும், வெள்ளியும் தங்கமும் ஏறத்தாழ 7:3 என்னும் விகிதத்திற் கலந்த, சிறிதளவு செம்பும் சேர்ந்த கலப்புலோகத்தாலானவை என்றும் காட்டிற்று. நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கண்ணாடியின் பத்து இலட்சம் பங்கில் தங்கம் 40 பங்களவும், வெள்ளி 300 பங்களவுமே உள்ளன.

2007ஆம் ஆண்டில் பிரீஸ்ரோனும் அவர்தம் கூட்டாய்வாளரும் இக்கிண்ணத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, ‘உரோமானிய நனோத் தொழில்நுட்பம்’ என்னும் தொடரைத் தலைப்பிலே கொண்டிருந்தது. அக்கட்டுரை தரும் அளவீடுகளுடன் எமக்குப் பிணக்கில்லை. தலைப்பிலிருந்த பெயர் கட்டுரையை விட்டுப் பிரிந்து தனியே உலாவத் தொடங்கியமையே எமது கவனத்துக்குரியது. அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் எழுத்துக்களில் இன்று உரோமானியர் ‘நனோ விஞ்ஞானிகள்’ ஆகிவிட்டனர். இருபதாம் நூற்றாண்டு கண்டறிந்ததை அவர்கள் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்று வியந்து கூறப்படுகின்றது.

இவ்வகை வியப்பு எமக்குப் புதியதன்று. திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரால் வழங்கும் வெண்பா, குறளின் சொற்செறிவைப் புகழுமுகமாக, அணுவினுள்ளே கடலை அடக்குவதாகிய உயர்வு நவிற்சியைக் கையாளுகின்றது. அதனை ஆதாரமாகக் காட்டி, அணுப்பிளவைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குவோரை நாம் கண்டிருக்கிறோம். கவிதையைக் கவிதையாகவும் பொருளைப் பொருளாகவும் வாசிக்க மறுக்கும் இம்மனோபாவம் இலக்கிய விமர்சகனுக்கு அந்நியமானதன்று. ஆகவேதான் பௌதிகவியலாளருக்கே உரியதெனத் தோன்றும் ஒரு விடயத்தில் நாம் தலையிடத் துணிகின்றோம். லைகர்கஸ் கிண்ணத்தை நனோத் தொழில்நுட்பமென வாசிப்பது பிழையான வாசிப்பு. அது ஏன் பிழை என்பதை, கடந்த கால் நூற்றாண்டில் அயன் கதிர்ப்பாய்ச்சல் மூலம் கண்ணாடியுள் உறையும் உலோகப் பளிங்குகளை உருமாற்றிய பரிசோதனைகளே தெளிவாகக் காட்டுகின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் செய்தலுக்கும் விளக்குதலுக்கும் இடையிலிருந்த நீண்ட கால இடைவெளியை மனங்கொள்ளல் வேண்டும்.

தங்கத்தைக் கொண்டு கண்ணாடிக்குச் செந்நிறமூட்டும் முறையைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியிற் செம்மையாகக் கையாண்டவர் யொகான் குங்கெல் ஆவர். பிரான்டன்பர்க் ஆட்சியாளரின் ஆதரவைப் பெற்ற அவருக்கு 1685இல் பொட்ஸ்டாமுக்கு அண்மையிலுள்ள, இன்று மயிற்றீவு என வழங்கும் தீவு அளிக்கப்பட்டது. ஒதுக்கமான தீவொன்றிலே உலைக்களம் அமைந்தமை தற்செயலன்று. செய்முறையின் இரகசியம் காக்கப்படல் வேண்டும் என்பதே கருத்து. அரசவையின் ஆடம்பரத் தேவைக்காக உற்பத்தி நிகழ்ந்த சூழலில் அறிவு ஒருவரது உடைமையாக, பூட்டி வைக்கப்படும் செல்வமாக விளங்கிற்று. எவ்வாறு செய்வது என்பதைக் குங்கெல் அறிந்திருந்தார். ஏன் அந்நிறம் தோன்றுகின்றது என்னும் வினா அவருடைய உலையில் விடை காணக்கூடிய வினாவாக இருக்கவில்லை.

அவ்வினாவுக்கு விடைகாண முயன்றவர் மைக்கல் பரடே. 1857இல் அவர் வெளியிட்ட ஆய்வு, செந்நிறத் திரவத்தினுள் இருப்பது தங்கத்தின் சேர்வையன்று, மிக நுண்ணிதாகப் பிரிந்துள்ள தங்க உலோகமே என வாதிட்டது. துகளின் பருமனே நிறத்தை மாற்றுகிறது என்னும் எண்ணம் இங்கு உருப்பெற்றது. எனினும் அத்துகள்களை அவராற் காண இயலவில்லை. ஜேர்மனியின் யேனா நகரிலுள்ள ஷொட் கண்ணாடித் தொழிற்சாலையிற் பணியாற்றிய றிச்சட் சிக்மொண்டி, சீடன்ரொப் என்பவருடன் இணைந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த மீநுணுக்குக்காட்டி, தங்கச் செங்கண்ணாடியிலுள்ள துகள்களை ஒளிப்புள்ளிகளாகக் காட்டிற்று. 1908இல் குஸ்தாவ் மீ என்பவர், ஒளியலை ஓர் உலோகக் கோளத்தைச் சந்திக்குமிடத்து நிகழ்வதைக் கணித வடிவில் முழுமையாக எழுதினார். உலோகத்திலுள்ள சுயாதீன இலத்திரன்கள் ஒளியலையின் தூண்டலால் ஒருங்கே ஊசலாடுகின்றன. அவ்வூசலாட்டத்துக்கு இசைந்த அலைநீளம் உறிஞ்சப்படுகின்றது அல்லது சிதறடிக்கப்படுகின்றது. சிலிக்காக் கண்ணாடியிலே வெள்ளிக் கோளம் 400 நனோமீற்றர் அளவிலும், தங்கக் கோளம் 530 நனோமீற்றர் அளவிலும் ஒளியை வலுவாக உறிஞ்சுவது இதனாலேயே.

கண்ணாடித் தொழிற்சாலை, நுணுக்குக்காட்டித் தொழில், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த ஒரு கைத்தொழிற் சமுதாயத்திலேதான் இவ்விளக்கம் சாத்தியமாயிற்று என்பது ஈண்டு அழுத்திக் கூறப்படவேண்டும். கிண்ணம் வனையப்பட்ட காலத்துக்கும் விளக்கம் பிறந்த காலத்துக்கும் இடையே பதினைந்து நூற்றாண்டுகள் கழிந்தன. உரோமானியரை நனோ விஞ்ஞானிகளென அழைப்போர் இப்பதினைந்து நூற்றாண்டுகளின் சமுதாய வரலாற்றை ஒரு சொல்லால் அழித்துவிடுகின்றனர்.

3

இனி, அயன் கதிர்ப்பாய்ச்சலை நோக்குவோம். அணுவொன்றிலிருந்து இலத்திரன்கள் சில நீக்கப்பட, அது மின்னேற்றமுடைய அயனாகின்றது. மின்புலத்தால் முடுக்கப்பட்ட அயன்களைக் கண்ணாடியின் மீது பாய்ச்சுவதே இம்முறை. இதனை இரு வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்துவர். தாழ்ந்த ஆற்றலுடைய தங்க அயன்களையோ வெள்ளி அயன்களையோ கண்ணாடியினுள் ஆழப்பதித்து, பின் சூடேற்றி அவற்றைப் பளிங்குகளாகத் திரளச் செய்யலாம்; இது பளிங்கை ஆக்கும் முறை. ஏலவே உருவான பளிங்குகளின் மீது வேறோர் உயராற்றல் அயனைப் பாய்ச்சி அவற்றின் வடிவை மாற்றலாம். இது பளிங்கை உருமாற்றும் முறை. எமது கவனம் இரண்டாவதன் மீதே.

2003ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் ஆய்வாளர், சிலிக்காவினுள் உறைந்த கோபாற்றுத் துகள்களின் மீது 200 மில்லியன் இலத்திரன்வோல்ற்று ஆற்றலுடைய அயடீன் அயன்களைப் பாய்ச்சினர். இவ்வாற்றலில் அயடீன் அயனின் வேகம் ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு ஆறு பங்களவாகும். கோளமாக இருந்த துகள்கள் அயன் பாய்ந்த திசையிலேயே நீண்டு ஒருசீராக அணிவகுத்தன.

இது நிகழும் விதம் கவனத்துக்குரியது. விரைந்து செல்லும் அயன் அணுக்களின் கருக்களோடு மோதுவது அரிது. தான் செல்லும் வழியிலுள்ள இலத்திரன்களுக்கே தன் ஆற்றலை வழங்குகின்றது. அவ்வாற்றல் அணுக்களுக்குக் கடத்தப்பட, அயனின் பாதையைச் சூழ்ந்து ஏறத்தாழப் பத்து நனோமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளைவடிவப் பகுதி கணப்பொழுது உருகி மீண்டும் உறைகின்றது. கண்ணாடியும் உருகுகின்றது, அதனுள்ளிருக்கும் உலோகமும் உருகுகின்றது. உருகிய உலோகம் அப்பாதை வழியே சிறிதளவு பரவி உறைந்துவிடுகின்றது. ஓர் அயனால் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சங்கோடி அயன்கள் பாய்ச்சப்படுமாயின், 20 நனோமீற்றர் விட்டமுள்ள ஒரு துகளை ஏறத்தாழ முப்பது அயன்கள் தாக்கியிருக்கும். இவ்வாறு பன்முறை நிகழும் உருகலும் உறைதலும் திரண்டே கோளத்தைக் கோலாக மாற்றுகின்றன.

வடிவம் மாற நிறமும் மாறுகின்றது. கோளத்துக்கு ஒரே உறிஞ்சல் உச்சம் உண்டு. கோலுக்கோ இரண்டு: அதன் நீளத்தின் வழியே இலத்திரன்கள் ஊசலாடும்போது நீண்ட அலைநீளத்தில் ஒன்றும், குறுக்கே ஊசலாடும்போது குறுகிய அலைநீளத்தில் மற்றொன்றும் தோன்றும். எனவே, முனைவாக்கப்பட்ட ஒளியை ஒரு திசையிற் செலுத்தினால் ஒரு நிறமும், செங்குத்துத் திசையிற் செலுத்தினால் வேறொரு நிறமும் தோன்றும். லைகர்கஸ் கிண்ணத்திலும் இரு நிறங்கள் உள. இங்கும் இரு நிறங்கள் உள. மேலோட்டமாக நோக்குவோர் இவ்வொப்புமையால் மயங்குதல் இயல்பே. ஆயின், கிண்ணத்தின் இரு நிறங்கள் சிதறும் ஒளிக்கும் ஊடுருவும் ஒளிக்கும் இடையிலான வேறுபாட்டால் எழுவன. இங்கு தோன்றுவன துகளின் திசைப்பட்ட வடிவத்தால் எழுவன. தோற்றத்தில் ஒத்திருப்பவை காரணத்தால் வேறுபடுகின்றன.

4

இப்பரிசோதனைகளின் உண்மையான முக்கியத்துவம் அவற்றின் வெற்றியினும் அவை கண்டறிந்த வரம்புகளிலேயே தங்கியுள்ளது என்பது எமது கருத்து.

எல்லாத் துகள்களும் கோலாவதில்லை. மிகச் சிறியவை கரைந்து மறைகின்றன. மிகப் பெரியவை, ஓர் அயனின் ஆற்றலால் முற்றாக உருகாமையால், கோளமாகவே எஞ்சுகின்றன. இடைப்பட்டவையே நீள்கின்றன, அவ்வாறு நீண்டவற்றின் தடிப்பும் அயனின் உருகற் பாதையின் விட்டத்தோடு தொடர்புற்றது என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் றிஜ்வேயும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

நெதர்லாந்தில் பொல்மன் குழுவினர் 2006இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் கூர்மையானவை. அவர்கள் உலோகக் கருவும் சிலிக்கா உறையும் கொண்ட துகள்களை எடுத்துக்கொண்டனர். தங்கக் கரு நீண்டது. ஆனால், சிலிக்கா உறை 40 நனோமீற்றருக்கு மேற் தடித்திருந்தபோது மட்டுமே நீண்டது. அயன் தன் வழியில் ஒவ்வொரு நனோமீற்றருக்கும் குறைந்தபட்சம் 3.3 ஆயிரம் இலத்திரன்வோல்ற்று ஆற்றலை இலத்திரன்களுக்கு வழங்கவேண்டியிருந்தது. அதே உறையினுள்ளே தங்கத்துக்குப் பதிலாக வெள்ளியை வைத்தபோது, வெள்ளி நீளவில்லை, சிதைந்து சிதறிற்று.

மேலும் ஒன்று. கண்ணாடி தானும் வாளாவிருப்பதில்லை. அயன் பாய்ந்த திசையிற் கண்ணாடி சுருங்குகின்றது; அதற்குச் செங்குத்தான திசையில் விரிகின்றது. சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கியது போலத் தோன்றும் இவ்விளைவைக் கிளாமுன்சர் என்பவர் உலோகக் கண்ணாடிகளில் அவதானித்து 1983இல் வெளியிட்டார். இது பின்னர் அயன் சம்மட்டியடி எனப் பெயர்பெற்றது. கண்ணாடி அயனுக்குக் குறுக்கே விரிய, அதனுள் அடங்கிய தங்கமோ அயனின் திசையிலே நீள்கின்றது. சூழலும் உட்பொருளும் எதிரெதிர்த் திசைகளில் உருமாறுகின்றன. எனினும் ஒன்றின் உருமாற்றம் மற்றதின்றி நிகழ்வதில்லை. உருமாற்றத்தின் இறுதிக் காரணம் யாது என்பது பற்றி ஆய்வாளரிடையே விவாதம் நிலவியது. கண்ணாடியின் அழுத்தமே உலோகத்தைப் பிதுக்குகின்றது என்போர் ஒருசாரார். உருகிய உலோகம் அடர்த்தி குறைந்த பாதையினுட் பாய்கின்றது என்போர் மற்றொரு சாரார். 2014இல் வெளியான, பின்லாந்து ஆய்வாளர் முதன்மைப் பங்குகொண்ட கணினிப் போலச்செய்கை இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்த்தது.

‘அறிந்திருந்தனர்’ என்னும் சொல்லை எப்பொருளில் நாம் கையாளவேண்டும் என்பதை இவை தெளிவுபடுத்துகின்றன. அறிதல் என்பது விளைவைப் பெறுதல் மட்டுமன்று. உறையின் தடிப்பை மாற்றினால் யாது நிகழும், உலோகத்தை மாற்றினால் யாது நிகழும் என ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே மாற்றி வினவுதலும், எதிர்பார்த்தது நிகழாவிடின் அத்தோல்வியையும் வெளியிடுதலும், எதிர்க்கருத்துடையோரின் பரிசோதனையால் திருத்தப்படுதலும் அறிதலின் பகுதிகளாகும். வெள்ளி சிதைந்தது என்னும் செய்தி, தங்கம் நீண்டது என்னும் செய்தியளவு மதிப்புடையது. மயிற்றீவின் உலைக்களத்தில் இத்தகைய தோல்விக்கு இடமிருந்திருக்கும். அதைப் பகிர்ந்து வாதிக்கும் சபை இருக்கவில்லை. உரோமானியப் பட்டறைக்கும் இது பொருந்தும். இருநிறங் காட்டும் உரோமானியக் கண்ணாடிகள் மிகச் சிலவே கிடைத்துள்ளன என்பது, அவ்விளைவு விரும்பியபோதெல்லாம் பெறத்தக்கதாக இருக்கவில்லை என்பதையே உணர்த்துகின்றது.

5

இவ்வாறு கூறுவதால் கண்ணாடித் தொழிலாளியின் திறனை நாம் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. உண்மை இதற்கு எதிரானது. ‘நனோத் தொழில்நுட்பம்’ என்னும் பட்டமே அவனை மறைக்கின்றது.

அவன் அறிந்தவை யாவை? உலையின் சூட்டை நிறத்தைக் கொண்டு மதிப்பிட அறிந்திருந்தான். உலையின் புகை கூடுவதும் குறைவதும் கண்ணாடியின் நிறத்தைப் பாதிக்கும் என அறிந்திருந்தான். தடித்த கண்ணாடியைச் சிறிது சிறிதாக அரிந்து, உருவங்கள் மெல்லிய பாலங்களால் மட்டும் சுவரோடு பொருந்தி நிற்குமாறு செதுக்க அறிந்திருந்தான். இவை கைகளினதும் கண்களினதும் அறிவு. தலைமுறை தலைமுறையாக உழைப்பிலே திரண்ட அறிவு. துகளைப் பற்றிய அறிவாக இதனை மாற்றிக் கூறினால்தான் இதற்கு மதிப்பு உண்டாகும் என எண்ணுவது, உடலுழைப்பை இழிந்ததாகவும் கோட்பாட்டை உயர்ந்ததாகவும் கருதும் பழைய வர்க்க மனப்பான்மையின் புதிய வடிவமன்றி வேறில்லை.

இத்தொழிலாளரின் பெயர்கள் எமக்குக் கிட்டவில்லை. சட்ட நூல்களிலேதான் அவர்களின் சாயல் தென்படுகின்றது. 3ஆம் நூற்றாண்டின் உரோமானியச் சட்ட அறிஞர் உல்பியனின் கருத்தொன்று, 533இல் யஸ்ரினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் இடம்பெற்றுள்ளது. இத்தகைய செதுக்குக் கிண்ணத்தைச் செய்யுமாறு ஒருவனிடம் ஒப்படைக்க, அவன் திறமையின்மையால் அதனை உடைத்துவிட்டால் நட்டஈடு செலுத்தக் கடமைப்பட்டவனாவான். கண்ணாடியில் முன்னரே கீறல் இருந்திருப்பின் மன்னிக்கப்படலாம் என்பது அதன் சாரம். 337இல் கொன்ஸ்ரன்ரைன் பேரரசனின் ஆணை, கண்ணாடி வேலையாளரையும் கண்ணாடி செதுக்குவோரையும் இருவேறு தொழிலினராகக் குறிப்பிட்டு, தம் தொழிலைப் பயிலவும் பிள்ளைகளுக்குப் பயிற்றவும் அவகாசம் கிடைக்கும்பொருட்டுப் பொதுக் கடமைகளிலிருந்து விலக்களித்தது. ஒரு நூலில் உடைத்தால் ஈடு செய்யவேண்டியவன். மற்றொன்றில் அரசுக்கு இன்றியமையாத திறனாளி. பண்டைய கைவினைஞனின் சமுதாய நிலையை இவ்விரு குறிப்புகளும் தெளிவாக எடுத்துரைக்கின்றன.

அவன் ஆக்கிய கிண்ணமோ புராண மன்னனின் பெயரைத் தாங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் உடைமையாக இருந்து, 1958இல் நூதனசாலையை வந்தடைந்தது. தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. இன்று ‘உரோமானியர்’ என்னும் பொதுப்பெயர் அந்த இடத்தை நிரப்புகின்றது. கிண்ணத்தில் மது அருந்தியவனும் உரோமானியன். உலையின் முன் வியர்த்தவனும் உரோமானியன். தேசப் பெருமை பேசும் வாசிப்புகள் யாவும் செய்யும் வேலை இதுவே.

அயன் கதிர்ப்பாய்ச்சலையும் நாம் சமுதாயத்துக்கு அப்பாற்பட்ட தூய அறிவாகக் காணவேண்டியதில்லை. அயன் முடுக்கிகள் அணுக்கருப் பௌதிக ஆய்வுக்காகப் பெரும் அரச முதலீட்டில் உருவானவை. அயன் பதிக்கும் முறை குறைகடத்திக் கைத்தொழிலின் தேவையோடு வளர்ந்தது. முடுக்கியை இயக்கும் தொழில்வினைஞரின்றி எந்த ஆய்வும் நடைபெறாது. பண்டைய பட்டறையை விஞ்ஞானக் கூடமாகக் கற்பனை செய்வோர், இன்றைய விஞ்ஞானக்கூடமும் ஒரு பட்டறையே என்பதைக் காண மறுக்கின்றனர்.

6

இறுதியாக எம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்பவேண்டியுள்ளது. மார்க்சியச் சார்புடைய விமர்சகருள் சிலர் இத்தகைய விஞ்ஞானச் செய்திகளைக் கண்டவுடன், இயக்கவியலின் விதிகளுக்குச் சான்று கிடைத்துவிட்டதென மகிழ்வதுண்டு. துகளின் அளவு மாற நிறம் மாறுகின்றது. எனவே அளவுமாற்றம் பண்புமாற்றமாகின்றது. கண்ணாடியும் தங்கமும் எதிரெதிராக உருமாறுகின்றன. எனவே இது முரண்பாடுகளின் ஒற்றுமை. ஏங்கெல்சின் குறிப்புகள் ‘இயற்கையின் இயக்கவியல்’ என 1925இல் நூலுருப் பெற்ற நாள் முதலாக இவ்வழக்கம் இருந்து வருகின்றது. முன்னரே தெரிந்த முடிவுக்கு உதாரணம் தேடுவது ஆய்வாகாது. பொல்மன் குழுவினர் வெள்ளியின் சிதைவை மறைத்துத் தங்கத்தின் நீட்சியை மட்டும் கூறியிருப்பின் யாது நேர்ந்திருக்குமோ, அதுவே உதாரண வேட்டையாடும் விமர்சனத்துக்கும் நேர்கின்றது.

படைப்பொன்றை அதன் பொருளாதாரச் சூழலின் நேரடி விளைவெனக் கூறி அமையும் எமது விமர்சனக் கட்டுரைகள் பல உள. ஒரே சூழலில் ஒருவர் எழுதியது நிலைத்தும் மற்றொருவர் எழுதியது சிதைந்தும் போனமைக்கு அவற்றில் விளக்கமில்லை. பௌதிகவியலிலிருந்து இலக்கிய விதியொன்றை இரவல் பெற நாம் முயலவில்லை. அவ்வாறு பெறவும் இயலாது. அங்கு பின்பற்றப்படும் நேர்மையையே நாம் வேண்டுகின்றோம்: எந்த உறையில், எத்தனை தடிப்பில், எந்த உலோகத்தில் இது நிகழ்ந்தது என்று கேட்கும் நேர்மை.

லைகர்கஸ் கிண்ணம் அழகிய பொருள். அதன் அழகுக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் பட்டம் எதுவும் தேவையில்லை. உலையின் முன் நின்ற பெயரற்ற தொழிலாளிக்கு அவனது உழைப்பின் அறிவையும், பரடே முதல் இன்றைய முடுக்கிக்கூடத்தார் வரையுள்ளோருக்கு அவர்தம் உழைப்பின் அறிவையும் தனித்தனியே உரித்தாக்குவதே வரலாற்றுணர்வுள்ள வாசிப்பாகும். ஒருவருடையதை மற்றவருக்குச் சூட்டும் புகழ்ச்சி இருசாராருக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். எமது பண்டைய இலக்கியங்களையும் கைவினைகளையும் மதிப்பிடப் புகுவோர்க்கும் இஃது ஒத்தது.